எல்லை நகர்ந்தது, செய்தித்தாளும் நகர்ந்தது

களியக்காவிளையிலிருந்து பாறசாலை வழியாகத் திருப்புறத்துக்கு வருகிறவர், நாடு மாறிவிட்டதென்பதை நிலத்தைக் கொண்டு அறிய இயலாது. அதே செம்மண், அதே தென்னை, அதே மரவள்ளித் தோட்டம், அதே மழை. மாறுவது ஒன்றே ஒன்று. தேநீர்க் கடையின் முன்னால் கயிற்றில் மடித்துத் தொங்கவிடப்பட்டிருக்கும் செய்தித்தாளின் எழுத்து மாறிவிடுகிறது. எல்லைக்கு அப்பால் தமிழ், இப்பால் மலையாளம். சுங்கச்சாவடியும் காவற் கம்பமும் இல்லாத இடத்திலுங்கூட, அந்தக் கயிற்றைப் பார்த்தால் எந்த ராஜ்யத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

நெய்யாற்றங்கரைத் தாலுகாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் வேடிக்கைக் காட்சி அன்று. நாகர்கோவிலில் அச்சாகும் தாளின் மாவட்டப் பக்கம், இயல்பாகவே, மாவட்ட எல்லையோடு நின்றுவிடும். திருவனந்தபுரத்தில் அச்சாகும் தாளின் உள்ளூர்ப் பக்கமோ நம் தெருவரை வரும். ஆனால் நம் வீட்டுப் பாட்டிக்கு அதைப் படிக்க வராது. இவ்விரண்டு பக்கங்களுக்கும் நடுவே நம் செய்தி எங்கே போகிறது? இக்கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், இந்தப் பிரதேசத்தில் செய்தித்தாள்கள் தோன்றியதும், ஒடுக்கப்பட்டதும், இடம்பெயர்ந்ததுமான வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நலம். பெரிய நகரங்களின் பத்திரிகை வரலாற்றைப் பலர் எழுதியிருக்கின்றனர். நம் எல்லைப்புறத்தின் வரலாறும் அதற்குச் சற்றும் இளைத்ததன்று.

அச்சு முதலில் வந்த திசை

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அச்சுப்பொறி முதன்முதலாகக் கால்வைத்த இடம் தலைநகரமான திருவனந்தபுரம் அன்று; தமிழ் வழங்கிய நாகர்கோவிலே. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் பாதிரியார் 1818-ஆம் ஆண்டில் இங்கு வந்து, 1820-ஆம் ஆண்டை ஒட்டி நாகர்கோவிலில் ஓர் அச்சுக்கூடத்தை நிறுவினார். சமய நூல்களும் பள்ளிப் பாடங்களும் சிறு பிரசுரங்களும் அங்கே தமிழில் அச்சாயின. 1860-களில் அதே ஊரிலிருந்து ‘தேசோபகாரி’ என்னும் தமிழ்ப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது.

அம்மிஷனின் பணி நாஞ்சில் நாட்டோடு நின்றுவிடவில்லை. பாறசாலையும் நெய்யாற்றங்கரையும் அதன் முக்கியமான தலங்களாயின. ஜான் ஆப்ஸ் பாதிரியார் பாறசாலையில் நெடுங்காலம் தங்கிப் பணியாற்றினார். எழுத்தறிவு மேற்குலத்தாரின் தனிச் சொத்தாக இருந்த அக்காலத்தில், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் மிஷன் பள்ளிகளில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினர். செய்தித்தாள் என்னும் பயிருக்கு விதை அங்கேதான் விழுந்தது எனலாம். படிக்கத் தெரிந்தவன் ஒருவன் ஊரில் இருந்தால் போதும். அவன் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிக்க, ஊர் முழுவதும் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

மலையாளப் பத்திரிகையின் கதை வடக்கே தொடங்கிற்று. ஹெர்மன் குண்டர்ட் 1847-ஆம் ஆண்டில் தலசேரிக்கு அருகில் இல்லிக்குன்னில் ‘ராஜ்யசமாசாரம்’ என்னும் தாளை வெளியிட்டார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் கோட்டயத்தைச் சூழ்ந்த பகுதிகளில் ‘நஸ்ராணி தீபிகை’யும் (1887) ‘மலையாள மனோரமா’வும் (1890) தோன்றின. ஆனால் ஆட்சியை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் பத்திரிகையைத் திருவிதாங்கூருக்குத் தர வேண்டியவர் நம் தாலுகாவிலேதான் பிறக்க வேண்டுமென்று இருந்தது போலும்.

அதியன்னூர் தந்த பத்திராதிபர்

நெய்யாற்றங்கரையை அடுத்த அதியன்னூரில் 1878-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் கே. ராமகிருஷ்ண பிள்ளை பிறந்தார். அதே ஆண்டில்தான் லிட்டன் பிரபு பிரிட்டிஷ் இந்தியாவில் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலத் தாள்களுக்கு ஒரு நீதி, நாட்டு மொழித் தாள்களுக்கு ஒரு நீதி என்று வகுத்த அச்சட்டம் 1882-இல் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று, அதைப் பிறப்பித்த மனநிலை போகவில்லை.

ராமகிருஷ்ண பிள்ளை மாணவப் பருவத்திலேயே பத்திரிகைகளில் எழுதத் தொடங்கி, சில தாள்களுக்கு ஆசிரியராகவும் இருந்தார். அவருடைய பெயரை நிலைநாட்டிய ‘சுதேசாபிமானி’யை அவர் தொடங்கவில்லை. அதைத் தொடங்கியவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. 1905-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் அஞ்சுதெங்கில் அதன் முதல் இதழ் வெளிவந்தது. இடத்தைக் கவனிக்க வேண்டும். அஞ்சுதெங்கு திருவிதாங்கூரின் கடற்கரையில் இருப்பினும் அக்காலத்தில் ஆங்கிலேயருக்கு உரியது. திவானின் அதிகாரம் அங்கே எட்டாது. பிறகு பத்திரிகை மௌலவியின் சொந்த ஊராகிய வக்கத்துக்கு வந்தது. 1906-ஆம் ஆண்டு ஜனவரியில் ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1907-இல் அச்சுக்கூடம் திருவனந்தபுரத்துக்கே மாற்றப்பட்டது. திவானின் கை எட்டாத இடத்திலிருந்து, அவர் வாசற்படிக்கே பத்திரிகை குடிவந்துவிட்டது!

மௌலவி பத்திரிகையின் உடைமையாளர். அச்சுப்பொறிக்குப் பொருள் கொடுத்தவர் அவர். நட்டம் வந்தால் தாங்க வேண்டியவரும் அவரே. ஆயினும் என்ன எழுத வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்று அவர் ஆசிரியருக்குக் கட்டளையிடவில்லை. இத்தகைய உடைமையாளர் அன்றும் அரியவர், இன்றும் அரியவர். ராமகிருஷ்ண பிள்ளை அந்தச் சுதந்தரத்தை முழுவதும் பயன்படுத்திக்கொண்டார். கையூட்டு, உத்தியோகத் தரகு, அரண்மனை வட்டாரத்தின் ஊழல், திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சிமுறை ஆகிய அனைத்தும் அவருடைய பத்திகளில் தாட்சணியமின்றி அலசப்பட்டன.

1910-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அரசு தன் விடையைச் சொல்லிற்று. காவற்படையினர் அச்சுக்கூடத்தைக் கைப்பற்றினர், பத்திரிகை நிறுத்தப்பட்டது, ஆசிரியர் கைதுசெய்யப்பட்டார். நீதிமன்றத்தில் வழக்கு இல்லை, விசாரணை இல்லை, சாட்சி இல்லை. மகாராஜா மூலம் திருநாளின் அரச ஆணை ஒன்றின் பேரில் அவர் சமஸ்தானத்தை விட்டே வெளியேற்றப்பட்டு, எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையில் விடப்பட்டார். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை நெய்யாற்றங்கரை வழியாகவும் பாறசாலை வழியாகவும் செல்வது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் பேருந்தில் போய்வரும் அதே சாலைதான்.

நாடு கடத்தப்பட்டவருக்கு முதற் புகலிடம் தமிழ்நாடு. பிறகு பாலக்காடு, இறுதியில் கண்ணூர். இடையில் அவர் பேனா ஓயவில்லை. நாடுகடத்தலைப் பற்றிய தம் நூலையும், 1912-இல் பத்திரிகைத் தொழிலைப் பற்றிய ‘விருத்தாந்த பத்திரப் பிரவர்த்தனம்’ என்னும் நூலையும், அதே ஆண்டில் கார்ல் மார்க்ஸின் வரலாற்றையும் எழுதினார். இந்திய மொழிகளில் மார்க்ஸைப் பற்றி எழுந்த முதல் நூல்களுள் அதுவும் ஒன்று. ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. காசநோய்க்கு ஆளாகி, 1916-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் கண்ணூரில் மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு. பிறந்த ஊரை அவர் மீண்டும் காணவில்லை. அவருடைய துணைவியார் பி. கல்யாணி அம்மா, தாமும் சிறந்த எழுத்தாளர். தங்கள் பன்னிரண்டு ஆண்டு இல்வாழ்வின் நினைவுகளை நூலாக எழுதி வைத்தார். மௌலவியோ தம் அச்சுப்பொறியை இழந்த பின்னும் கலங்காமல் வேறு பத்திரிகைகளை நடத்தி, 1932-இல் காலமானார்.

அவ்வாண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்ததும் இதுவே. சென்னையில் வெளிவந்த ‘இந்தியா’ வாரப் பத்திரிகை அடக்குமுறைக்கு இலக்கானபோது, 1908-இல் பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குச் சென்றார், பத்திரிகையும் பின்தொடர்ந்தது. அஞ்சுதெங்கும் புதுச்சேரியும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. எல்லைக்கோடு பத்திரிகைக்குச் சில வேளைகளில் விலங்கு; சில வேளைகளில் புகலிடம்.

புகழோடு ஒரு குறையும்

பெரியோரைப் போற்றும்போது அவர்கள் பிழையை மறைப்பது நமக்கு அழகன்று. தாழ்த்தப்பட்ட குழந்தைகளைப் பிற குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர்த்த அரசு முற்பட்டபோது, அதை எதிர்த்து 1910-ஆம் ஆண்டில் ‘சுதேசாபிமானி’ எழுதிற்று. அதிகாரத்துக்கு அஞ்சாத அதே பேனா, வழிவழி வந்த சாதி வழக்கத்துக்கு முன் தலைகுனிந்தது. அக்குழந்தைகளுக்காகப் போராடிய அய்யன்காளி பிறந்த வெங்ஙானூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. அவர் 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை அமைத்திருந்தார். ஆயினும் நாளேட்டின் அச்சுக்கூடமும் எழுத்தும் பிறர் கையில் இருந்தன.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தமக்கென்று தாள் இல்லாதவரைப் பற்றிப் பிறர் எழுதுவர். அவ்வாறு எழுதுகிறவர் நல்லவராகவே இருந்தாலும், தாம் காண்பதைத்தான் எழுதுவர். தாமே எழுதும் வாய்ப்பு இல்லாதவரின் குறை, வரலாற்றின் ஏட்டிலும் இடம் பெறாமற் போகிறது.

திருவனந்தபுரத்தில் மலர்ந்த தமிழ் நாளேடு

நாடு விடுதலை பெற்றபின் நம் பிரதேசம் வேறொரு கொந்தளிப்பைக் கண்டது. 1949-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாயின. தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு இணைக்க வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி செய்தது. மார்ஷல் நேசமணி அதன் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவற்றோடு நம் நெய்யாற்றங்கரையும் அக்கோரிக்கையில் அடங்கியிருந்தது.

அக்காலத்தில் தெற்குத் திருவிதாங்கூர்த் தமிழனுக்குத் தமிழ் நாளேடு கிடைப்பது எளிதன்று. சென்னையிலிருந்து வரும் ரயில் செங்கோட்டை, கொல்லம் வழியாகத் திருவனந்தபுரத்தோடு நின்றுவிடும். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றங்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது 1979-ஆம் ஆண்டில்தான். ஆதலால் சென்னைத் தாள் இங்கே வந்து சேர்வதற்குள் அதன் செய்தி பழையதாகிவிடும். வந்து சேர்ந்தாலும் அதில் நம் ஊர்ச் செய்திக்கு இடம் ஏது?

இந்தக் குறையை நாகர்கோவில் வடிவீஸ்வரத்தைச் சேர்ந்த டி. வி. ராமசுப்பையர் உணர்ந்தார். 1951-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் அவர் ‘தினமலர்’ நாளேட்டைத் தொடங்கினார். எங்கே? சென்னையில் அன்று, மதுரையில் அன்று, திருவனந்தபுரத்தில்! மலையாளத் தலைநகரிலேயே ஒரு தமிழ் நாளேடு பிறந்தது. இணைப்புக் கோரிக்கையை அது ஆதரித்தது. திருவிதாங்கூர்த் தமிழர்களின் குறைகளைத் தமிழிலேயே எடுத்துரைத்தது.

நாளேடு நடத்துவது அன்று எவ்வளவு உழைப்பு என்பதை இக்கால இளைஞர் எண்ணிப் பார்த்தல் நலம். ஈயத்தில் வார்த்த எழுத்துக்களைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாகப் படித்து, வரிவரியாகக் கோக்க வேண்டும். கொம்பும் காலும் சுழியும் மேல் விலங்கும் கீழ் விலங்குமாக விரியும் தமிழுக்கு ஆங்கிலத்தைவிடப் பன்மடங்கு எழுத்துரு தேவை. இரவெல்லாம் கோத்ததை விடியுமுன் அச்சேற்றி, கட்டுக்கட்டாகப் பேருந்தின் மேல் ஏற்றி அனுப்பினால்தான் பாறசாலைக் கடையில் காலைத் தேநீரோடு செய்தி கிடைக்கும். பேருந்து தவறினால் அன்றைய தாள் மறுநாட் காகிதம்.

1954-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கிளர்ச்சிக்காரர்மீது காவற்படை சுட்டது. பலர் உயிர் நீத்தனர். அப்போது முதலமைச்சராக இருந்தவர் பட்டம் தாணுப் பிள்ளை. அத்துயரம் நிகழ்ந்த இடங்கள் நம் ஊர்களிலிருந்து சில கல் தொலைவே. நம்மவரின் பந்துக்கள் அங்கே இருந்தனர்; அங்குள்ளவரின் பந்துக்கள் இங்கே இருந்தனர். பிறகு மாநிலச் சீரமைப்புக் குழு 1955-இல் தன் அறிக்கையைத் தந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் இணைந்தது. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக இல்லாத நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலை கேரளம், களியக்காவிளை தமிழகம். அண்ணன் வீடு ஒரு ராஜ்யத்திலும் தம்பி வீடு மற்றொரு ராஜ்யத்திலும் ஆயின.

அடுத்த ஆண்டு, 1957-இல், ‘தினமலர்’ திருநெல்வேலிக்கு மாறியது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. நாளேடு வாசகரை நம்பி வாழ்வது. வாசகரில் பெரும்பாலோர் புதிய எல்லைக்கு அப்பால் போய்விட்டபோது, தாளும் அவர்களோடு போயிற்று. பின்னர் அது திருச்சி, சென்னை, மதுரை என்று பல நகரங்களில் பதிப்புக்களைக் கண்டு பெருநிறுவனமாக வளர்ந்தது. அதன் வளர்ச்சியில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. எல்லை நகர்ந்தது, செய்தித்தாளும் நகர்ந்தது, நாம் நகரவில்லை. திருவனந்தபுரத்தில் நமக்காகப் பிறந்த தமிழ் நாளேடு, ஆறு ஆண்டுகளில் நம்மைக் கடந்து சென்றுவிட்டது.

பிற நாட்டார் பட்டதும் இதுவே

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பொன் தேடிச் சென்றவர்கள் கூடாரம் அடித்த இடங்களிலெல்லாம் அச்சுப்பொறியும் மாட்டு வண்டியில் சென்றது. 1859-ஆம் ஆண்டு வில்லியம் பையர்ஸ் என்பவர் அவ்வாறு பொறியை ஏற்றிச் சென்று, பின்னாளில் டென்வர் மாநகராக வளர்ந்த சிறு குடியிருப்பில் ‘ராக்கி மவுண்டன் நியூஸ்’ என்னும் தாளைத் தொடங்கினார். ஊர் நகரமாவதற்கு முன்பே அதற்கு ஒரு செய்தித்தாள் இருந்தது! ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் வாழ்ந்த அத்தாள் 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நின்றுபோயிற்று. 2005-க்குப் பின் அந்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்தித்தாள்கள் மறைந்துவிட்டன. அவற்றுள் மிகப் பல சிற்றூர்களின் வாரத் தாள்கள். தாள் போன ஊர்களில் நகரசபை என்ன தீர்மானித்தது, வரிப்பணம் எங்கே சென்றது என்று கேட்பார் இல்லாமற் போயினர்.

நம் இனத்தார் வாழும் யாழ்ப்பாணத்தை நோக்குவோம். அங்கே 1841-ஆம் ஆண்டிலேயே ‘உதயதாரகை’ தோன்றிற்று. 1959-இல் தொடங்கிய ‘ஈழநாடு’ தலைநகரான கொழும்பிலிருந்து அன்றி யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவந்து, அம்மண்ணின் செய்தியை அம்மண்ணிலேயே அச்சிட்டது. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது அதன் அலுவலகமும் தீக்கிரையாயிற்று. ஒரு மக்களை வாய்மூடச் செய்ய விரும்புவோர் முதலில் அவர்களுடைய நூலகத்தையும் அச்சுக்கூடத்தையும் நாடுவது ஏன் என்று எண்ணிப் பார்த்தால், உள்ளூர்த் தாளின் மதிப்பு விளங்கும்.

அமெரிக்காவில் தாளைக் கொன்றது வருவாய்க் குறைவு, யாழ்ப்பாணத்தில் தீ, திருவிதாங்கூரில் அரச ஆணை, நம் எல்லைப்புறத்திலோ பகை எதுவும் இன்றி, வரைபடத்தில் இழுத்த ஒரு கோடு. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. ஊர் தன்னைப் பற்றித் தானே அறிந்துகொள்ளும் வழி அடைபடுகிறது.

உரிமை உண்டு, செய்தி இல்லை

செய்தி இல்லாமையால் வரும் இழப்பு என்ன என்று கேட்பவருக்கு இரண்டு எடுத்துக்காட்டுக்கள் சொல்லலாம்.

1956-ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோதே, எல்லைக்கோட்டின் இரு புறத்திலும் சிறுபான்மையர் எஞ்சுவர் என்பதை அறிந்து, அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பயிலப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. அடுத்து, கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம். அதன்படி இம்மாநிலத்தில் வாழும் தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தத்தம் மொழியிலேயே கடிதம் எழுதலாம்; மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் அவ்வாறே எழுதலாம்; மறுமொழியும் அவர்கள் மொழியிலேயே வரவேண்டும்.

இவற்றை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்? சட்டம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. இரண்டையும் நம் திண்ணைக்குக் கொண்டுவந்து, நமக்குப் புரியும் மொழியில் சொல்லும் தாள்தான் இல்லை. அறியாத உரிமை இல்லாத உரிமைக்குச் சமம். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாமல் தரகர் வாசலில் நிற்கும் நம் மூதாட்டி, தமிழில் ஒரு கடிதம் எழுதலாம் என்று அறிந்தால் அவள் நிமிர்ந்து நிற்பாள் அல்லவா?

கைப்பேசியில் உலகச் செய்தி முழுவதும் வருகிறதே, இன்னும் தாள் எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். உண்மை, உலகச் செய்தி வருகிறது. சென்னையில் மழை பெய்தால் நொடியில் தெரிகிறது. ஆனால் பக்கத்துத் தெருப் பள்ளியில் தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் வந்தாரா, வரவில்லையா என்பதை எந்தக் கைப்பேசி சொல்லும்? அதை நம்மவர் ஒருவர் சென்று பார்த்து, கேட்டு, சரிபார்த்து, தம் பெயரிட்டு எழுதினாலன்றி அச்செய்தி பிறப்பதே இல்லை. காற்றில் பரவும் வதந்திக்கும் அச்சில் நிற்கும் செய்திக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பெயரில் இருக்கிறது. எழுதியதற்குப் பொறுப்பேற்பதில் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கது

வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், ஓர் உள்ளூர்ப் பத்திரிகை நிலைத்து வாழ மூவர் வேண்டும் என்பது தெளிவாகிறது. மௌலவியைப் போலப் பொருள் தந்தும் தலையிடாத ஒருவர். ராமகிருஷ்ண பிள்ளையைப் போல அஞ்சாது எழுதும் ஒருவர். இவ்விருவரையும் தாங்கும் வாசகர். முதல் இருவரும் இருந்தும் ‘சுதேசாபிமானி’ வீழ்ந்தது. அன்று குடிமக்களுக்கு அரச ஆணையைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. இன்று ஆணைக்கு அஞ்ச வேண்டிய காலம் அன்று. இன்று நம்மிடம் குறைவாக இருப்பது மூன்றாமவரே.

பெரிய நாளேடு ஒன்றை நாம் தொடங்க வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. மாதந்தோறும் வெளிவரும் சங்க இதழே போதும். அதை விழா அழைப்புக்களும் வாழ்த்துக்களும் மட்டும் நிறைந்த தாளாக விட்டுவிடாமல், ஊர்ச் செய்தி ஏடாக ஆக்கிக்கொள்வது நம் கையில் இருக்கிறது. பருவ இதழைப் பதிவு செய்வதற்கு 1867-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்துள்ளது. மாவட்ட மாஜிஸ்திரேட் போன்றோர்முன் சென்று உறுதிமொழி தரும் பழைய முறை நீங்கி, இணையத்தின் வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆதலால் சட்டம் ஒரு சாக்கு ஆகாது.

ஒவ்வொரு வீட்டிலும் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர், மாதத்துக்கு ஒரு செய்தியை எழுதித் தரட்டும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் கேட்டது, பள்ளியில் கண்டது, மறைந்த முதியவர் ஒருவரின் வாழ்க்கை, எல்லை பிரிந்த நாளில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்ற நினைவு இவையெல்லாம் செய்தியே. நாள், இடம், பெயர் மூன்றும் பிழையின்றி இருக்கட்டும். பிள்ளைகள் எழுதினால் இன்னும் நன்று. தமிழ் எழுத்தை மறவாமல் இருக்க அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. படித்த இதழைப் பொட்டலம் கட்டிவிடாமல், ஆண்டுக்கு ஒரு கட்டாகத் தைத்து நூலகத்தில் சேர்ப்போம். நாளை நம் வரலாற்றை எழுத வருகிறவனுக்கு அதுவே சான்று.

அதியன்னூரில் பிறந்த ஒருவர் பத்திரிகைக்காகத் தம் நாட்டையே இழந்தார். திருவனந்தபுரத்துப் பாளையத்தில் அவருடைய சிலை நிற்கிறது. அவ்வழியே செல்லும் நம்மவர் பலருக்கு அவர் நம் தாலுகாக்காரர் என்பதும் தெரியாது. அச்சிட்டுச் சொல்லாதது மறைந்துபோகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? அடுத்த முறை திருவனந்தபுரம் செல்லும்போது பிள்ளைகளை அழைத்துச் சென்று அச்சிலையைக் காட்டுங்கள். திரும்பி வந்ததும், அவர்கள் அங்கே கண்டதைத் தமிழில் பத்து வரி எழுதச் சொல்லி, அதை இவ்விதழுக்கு அனுப்புங்கள். நம் எல்லைப்புறத்துச் செய்தித்தாளின் அடுத்த பக்கம் அந்தப் பத்து வரியிலிருந்து தொடங்கட்டும்.